கடலில் வீழ்ந்தோரும் கரை சேர்ந்தோரும்

ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய தீவுகளைச் சூழ்ந்துள்ள கடல் ஆழமானதன்று. பாக்கு விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீற்றருக்கும் குறைந்த ஆழமுடையது. கடற்றொழிலாளரின் கணக்கிற் சொல்வதாயின் ஏறத்தாழ எட்டுப் பாகம். அத்தகைய கடலில் வீழ்ந்த வானூர்தியொன்று 14 ஆண்டுகள் கண்டெடுக்கப்படாது கிடந்தமை வரலாற்று மாணவர் சிந்தித்தற்குரியது. அதனை விளங்கிக்கொள்ள, வீழ்ந்தோர் அனைவரும் உயிருடன் மீண்ட பிறிதொரு நிகழ்ச்சியை முதற்கண் நோக்குதல் தகும்.

2023 மார்ச் 8ஆம் நாள் மும்பைக் கரைக்கு அப்பால் இந்தியக் கடற்படையின் ‘துருவ்’ உலங்கு வானூர்தியொன்று பறந்துகொண்டிருக்கையில் திடீரென வலுவிழந்து, விரைவாக உயரங்குறையலாயிற்று. வானோடி அதனைத் தம் கட்டுப்பாட்டினுள் வைத்தே நீரில் இறக்கினார். உலங்கு வானூர்திக்கு இயந்திரம், பற்சக்கரப் பெட்டி, சுழலி ஆகிய பாரங்கள் யாவும் தலைப்பக்கத்திலேயே உள்ளன. ஆதலின் நீரைத் தொட்டதும் தலைகீழாகக் கவிழ்வதே அதன் இயல்பு. அன்று மிதவைப் பைகள் உரிய வேளையில் விரிந்தமையால் அது மிதந்தது. உள்ளிருந்த மூவரும் வெளியேறினர். கடற்படை ரோந்துப் படகு அவர்களை மீட்டது. இதனை நற்பேறு என்று மட்டும் கூறிவிடுதல் பொருந்தாது. கொச்சியிலுள்ள கடற்படைப் பயிற்சி நிலையத்தில், நீருள் மூழ்கிய வானூர்தியறையிலிருந்து தப்பும் முறையை வானோடிகள் முன்னரே பயில்கின்றனர். விபத்தின் பின்னர் அவ்வகை வானூர்திகளின் பறப்பு நிறுத்தப்பட்டுச் சோதனையும் நடைபெற்றது.

இனி நம் கடலுக்கு வருவோம். 1998 செப்ரெம்பர் 29ஆம் நாள், பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட ‘லயன் எயார்’ நிறுவனத்தின் அன்ரனோவ் விமானம், நெடுந்தீவுக்குத் தென்கிழக்கே உள்ள இரணைதீவுக் கடலில் வீழ்ந்தது. அதில் 55 பேர் இருந்தனர், எவரும் மீளவில்லை. விடுதலைப் புலிகளின் ஏவுகணையால் அது வீழ்த்தப்பட்டதென்றே பெரிதுங் கொள்ளப்படுகிறது. அக்காலத்தில் கண்டி வீதி மூடப்பட்டிருந்தமையால், யாழ்ப்பாணத்தார் தெற்கே செல்ல வானும் கடலுமே வழியாயிருந்தன என்பதை ஈண்டு மறத்தலாகாது.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் முறையன்று என்பர் சிலர். உண்மையே. சுட்டு வீழ்த்தப்பட்ட விமானத்துக்கு மெல்ல இறங்க அவகாசம் ஏது? எனினும் உயிர்களை மீட்க இயலாமை வேறு. உடல்களைத் தேட இயலாமை வேறு. முன்னையதற்கு ஏவுகணை காரணமாயின், பின்னையதற்குப் போரே காரணம். படகுகள் தடையின்றிச் செல்லவியலாத கடலாக அது இருந்தது. மீனவரின் தொழிலுங்கூடக் கட்டுப்பாடுகளுள் அகப்பட்டிருந்தது.

போர் முடிந்து மூன்றாண்டுகள் கழிந்த பின், 2012இல் விமானம் கிடந்த இடம் கண்டறியப்பட்டது. 2013இல் கடற்படைச் சுழியோடிகள் அதன் பாகங்களை மேலே கொணர்ந்தனர். கடலடியிற் கிடைத்த ஆடைகளும் பிற பொருள்களும் 2014இல் யாழ்ப்பாணத்தில் உறவினர் பார்வைக்கு வைக்கப்பட்டன. அவர்கள் வந்து, ஒவ்வொரு துணியாகப் பார்த்துச் சென்றனர்.