எளிமையின் வர்க்கச் சார்பு: மன்னார்க் கரையும் கணினித் திரையும்

கணினியைக் கையாள இயலாதோருக்கென எளிமைப்படுத்தப்பட்ட திரையமைப்புக்கள் பற்றி இன்று பேசப்படுவன பெரும்பாலும் ஒரு குறைபாட்டிலிருந்தே தொடங்குகின்றன. முதியோர், எழுத்தறிவு குறைந்தோர், மீனவர், விவசாயிகள் ஆகியோரிடத்தே அக்குறைபாடு உள்ளதென்பது முற்கோளாகக் கொள்ளப்படுகின்றது. மன்னார்த் தீவினதும் அதனையடுத்த கரையினதும் வரலாற்றை மனங்கொண்டு நோக்குமிடத்து இம்முற்கோள் நிலைபெறுவதாயில்லை.

கணினித் திரையின் இன்றைய உருவம், 1981இல் வெளிவந்த செரொக்ஸ் ஸ்டார், 1984இல் வெளிவந்த மக்கின்ரொஷ் ஆகியவற்றின் வழி பரவியது. கட்டளைகளை மனனஞ் செய்யாது படங்களைச் சுட்டி வேலை செய்யலாம் என்பதே அவற்றின் பெருமை. ஆனால் அப்படங்கள் யாவை? மேசை, கோப்பு, கோப்புறை, குப்பைத் தொட்டி. அமெரிக்க அலுவலக ஊழியனின் அன்றாட உலகே யாவர்க்கும் எளிய உலகாக வரையப்பட்டது. பேசாலையிலோ வங்காலையிலோ வாழும் மீனவனுக்கு மேசையும் கோப்பும் அறியாப் பொருள்களல்ல. அவை கச்சேரியைச் சேர்ந்தவை. மேசைக்கு அப்பால் அமர்ந்திருப்பவன் வேறு; இப்பால் மனுவோடு நிற்பவன் வேறு.

இவ்விருவருக்கும் இடையில் இருந்தவர் பெட்டிசம் எழுதுபவர். வாய்மொழியாகச் சொல்லப்பட்ட துன்பத்தை அதிகாரம் ஏற்கும் வடிவத்துக்கு மாற்றிக் கூலி பெற்றவர் அவர். கணினிக்கு முற்பட்ட இடைமுகம் அவரே எனலாம். 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தின் பின்னர், தமிழில் நன்கு எழுத வாசிக்க அறிந்தோரும் சிங்களத்தில் வந்த கடிதத்தின் முன் எழுத்தறியாதோராயினர். இயலாமை ஆளிடத்தே பிறப்பதன்று, ஆக்கப்படுவது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எந்திரத்தை மொழிக்கு இணக்கிய முயற்சிகள் நம்மவரிடையே இல்லாமலில்லை. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்து சிங்கப்பூரிற் பணியாற்றிய ஆர். முத்தையா 1930களில் உருவாக்கிய தட்டச்சு விசைப்பலகை, 247 எழுத்துக்களை உறுப்புக்களாகப் பிரித்துப் பொதுக்குறிகளை விசைகளில் அமைத்தது. 1999இல் தமிழ்நாட்டரசு ஏற்ற தமிழ்99 முறையோ உயிர்களை இடப்புறத்தும் மெய்களைப் பெரும்பாலும் வலப்புறத்தும் வைத்து, உயிரும் மெய்யும் கூடுவதைக் கணினியிடமே விட்டது. இவை பெரும் பணிகள். ஆயினும் எழுதுவோனுக்கே உதவின. எழுதாதவன் வெளியிலேயே நின்றான்.

எழுதாதவன் அறியாதவனல்லன். வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என மன்னார்க் கடலோடிகள் காற்றுக்கு வழங்கும் பெயர்கள் திசையை மட்டும் சுட்டுவனவல்ல. பருவத்தையும், தொழிலுக்குப் போவதா படகைக் கரையேற்றுவதா என்ற முடிவையும் சேர்த்துச் சுட்டுவன. (நாட்டார் வழக்காற்றியலார் இப்பெயர்களைச் சொற்பட்டியலில் இட்டுவிட்டு மேற்செல்வது வருந்தத்தக்கது.) அறிவிப்பின் மொழி இந்த அறிவோடு எங்கே சந்திக்கிறது என்பதே கேள்வி.

புதுச்சேரிக்கு அண்மையிலுள்ள வீராம்பட்டினம் என்னும் மீனவக் கிராமம் இதற்கு ஒரு விடையளித்தது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் தொடங்கிய கிராம அறிவு மையத் திட்டத்தின் கீழ், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலையுயர விவரங்களை உள்ளூர்த் தொண்டர்கள் எடுத்துத் தமிழாக்கி, ஒலிபெருக்கி மூலம் கரையெங்கும் அறிவித்தனர். மீனவன் திரையைத் தொடவேயில்லை. ஏறத்தாழ அதே காலத்தில் கொத்மலைச் சமுதாய வானொலியில், நேயர்கள் அனுப்பிய வினாக்களுக்கு அறிவிப்பாளர் இணையத்தில் விடை தேடி ஒலிபரப்பினர். எளிமையாக்கப்பட்டது திரையன்று; பலர் கூடிக் கேட்கும் பழைய முறை புதிய கருவியைத் தனக்கு ஏற்றவாறு வளைத்துக்கொண்டது.

பின்னர் வந்த கைபேசி இக்கூட்டுக் கேட்டலைத் தனியாள் நுகர்வாக மாற்றிற்று. அதே நிறுவனம் 2007இல் தொடங்கிய மீனவ நண்பன் கைபேசித் திட்டம், காற்று, அலை, மீன் கிடைக்கும் இடம், சந்தை விலை ஆகியவற்றைத் தமிழில் தருகின்றது. பயன் மறுக்கத்தக்கதன்று. ஆனால் அதன் பிற்கால வடிவத்தில் இன்னொன்றும் உண்டு: சர்வதேசக் கடலெல்லையை நெருங்கினால் எச்சரிக்கை ஒலி எழும். 1974, 1976 ஆகிய ஆண்டுகளில் இரு அரசுகளும் செய்த ஒப்பந்தங்கள், அவற்றை வாசிக்காத மீனவனின் மடியில் ஓர் ஒலியாக எளிமை பெற்றுள்ளன. அவனது உயிரையும் படகையும் அவ்வொலி காக்கலாம். எல்லை யாரைக் கேட்டு வரையப்பட்டது என்று அதனிடம் வினவ முடியாது.

எல்லையின் இப்பக்கத்து மன்னார் மீனவனோ போர்க்காலத்தில் பாஸ் இன்றிக் கடலுக்குச் செல்ல முடியாதவனாயிருந்தான். அலையின் உயரத்தை முன்னறிந்து அன்று அவன் என்ன செய்திருக்க முடியும்? 2009இன் பின் கடல் திறந்தபோது, தமிழ்நாட்டு இழுவைப்படகுகள் அவன் வலைகளை அறுத்தன. அப்படகுகளின் முதலாளி வேறு, அவற்றிற் கூலிக்கு நிற்பவன் வேறு என்பதும் இங்கு மறக்கற்பாலதன்று. இலங்கை 2017இல் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. வலையிழந்தவனுக்கு இன்னும் இருப்பது முறைப்பாட்டுக் கடிதமும், அதனை வாங்கும் மேசையுமே.