தோட்டப் பள்ளியும் குழந்தை மனமும்

1941ஆம் ஆண்டின் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஆர். எச். நாதன் முதலியோர் வழிநடத்திய அப்போராட்டத்தின் கோரிக்கைகளுள் ஊதிய உயர்வும், கள்ளுக்கடை மூடலும், துரைமார் எதிரே மிதிவண்டியில் செல்லும் உரிமையும் இடம்பெற்றிருந்தமை பலரும் அறிந்ததே. அவற்றினூடே, அவ்வளவாகப் பேசப்படாத மற்றொரு கோரிக்கையும் இருந்தது. தம் பிள்ளைகளுக்கு முறையான கல்வி வசதி வேண்டும் என்பதே அது. நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர். தோட்டத்துப் பெற்றோருக்குக் கல்வியில் அக்கறையில்லை என்று பிற்காலத்தில் வாய் கூசாமல் சொன்னவர்கள் இந்த ஒரு வரியைப் படித்திருந்தால் சற்றே தயங்கியிருப்பார்கள்.

பள்ளியே இல்லாமையால் எழுந்த கோரிக்கையன்று அது. பள்ளி செல்லும் வயதுடைய பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்திருந்தது. விதி பத்துப் பிள்ளைகளைப் பற்றிப் பேசியதேயன்றி, அவர்களுக்கு வாய்க்கும் ஆசிரியரைப் பற்றி அதிகம் கவலைப்படவில்லை. பல தோட்டங்களில் எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ ஆசிரியர் வேலையையும் சேர்த்துப் பார்த்தார். ஒரே கொட்டகையில் எல்லா வகுப்பும் நடந்தன. விடியுமுன் பிரட்டுக்குப் போன தாய் தந்தையர் வெயில் ஏறிய பின்னரே லயத்துக்குத் திரும்புவர். கைக்குழந்தை ஆயாக் கொட்டகையில் கிடக்கும். சற்று வளர்ந்த பெண்பிள்ளை தம்பி தங்கையரைக் காப்பாள். அதனினும் வளர்ந்தவன் பால் வாளி தூக்கவோ, கோப்பையில் உறைந்த ஒட்டுப்பால் பொறுக்கவோ போவான். எஞ்சிய பொழுதுக்குப் பெயர்தான் படிப்பு. அப்படி வந்து உட்கார்ந்த பிள்ளை பாடத்தில் பின்தங்கினால் 'மக்கு' என்ற ஒரு சொல்லில் கணக்குத் தீர்க்கப்பட்டது.

ஒரு பிள்ளை ஏன் கற்கத் திணறுகிறது என்ற வினா அதற்கு முன்னரே மேலைநாட்டில் எழுந்துவிட்டது. பாரிசில் ஆல்பிரட் பினே, சிமோனுடன் சேர்ந்து 1905இல் வெளியிட்ட அறிவுச் சோதனை, தனி உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறியும் நோக்கத்தோடு பிறந்தது. அறிவு என்பது பிறவியிலேயே அளந்து வைக்கப்பட்டது என்ற கருத்தைப் பினே வன்மையாக மறுத்தார். ஆயின் அவருடைய அளவுகோல் பிறர் கைக்குச் சென்றபோது, உதவிக்குரியவரைத் தேடும் கருவி, ஒதுக்கத்தக்கவரைத் தேடும் கருவியாகத் திரிந்தது. கிள்ளான் தோட்டங்களுக்கு அந்தச் சோதனை எட்டவில்லை. முத்திரை மட்டும் சோதனையின்றியே குத்தப்பட்டது.

தோட்டத்துக்கு வெளியே வேறொரு தமிழுலகம் இருந்தது. பிரிக்பீல்ட்சில் இரயில்வே ஊழியர் குடியிருப்புகளும், 1904இல் எழுந்த விவேகானந்தர் ஆசிரமமும், அதன் சார்பில் நடந்த தமிழ்ப்பள்ளிகளும், ஆங்கிலப் பள்ளிகளுக்கு நடந்தே செல்லும் வசதியும் இருந்தன. அங்கே எழுதுவினைஞர் வீட்டுப் பிள்ளை விளக்கொளியில் பாடம் படித்தது. கேட்டால் சொல்லித்தர வீட்டில் ஒருவர் இருந்தார். இருபது மைல் தொலைவுக்குள், ஒரே மொழி பேசிய இரு கூட்டத்துப் பிள்ளைகள் இவ்வாறு வேறுவேறு முடிவுகளை எய்தினர். குறை மூளையிலா சூழலிலா என்பதை அறியப் பெரும் ஆய்வுகூடம் தேவைப்படவில்லை. கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு ஒருமுறை இரயிலேறி வந்திருந்தால் போதும்.

போருக்குப் பின் அறிக்கைகளின் காலம் வந்தது. 1951இல் பார்ன்ஸ் குழு, தாய்மொழிப் பள்ளிகளின் இடத்தில் மலாயும் ஆங்கிலமும் போதனை மொழிகளாகிய தேசியப் பள்ளிகள் அமைய வேண்டும் என்றது. இரண்டே ஆண்டுகள் கழித்து யுனெஸ்கோ வெளியிட்ட அறிக்கையோ, குழந்தைக்கு முதலில் கற்பிக்கத் தக்க மொழி தாய்மொழியே என்று உளவியல் காரணங்காட்டி உரைத்தது. 1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கைக்குப் பின் தமிழ்ப்பள்ளிகள் தொடக்கப்பள்ளி அளவில் தேசிய அமைப்புக்குள் இடம்பெற்றன. நாடு விடுதலை பெற்ற 1957இல் அவற்றின் எண்ணிக்கை 888.

தொடக்கப்பள்ளி தமிழில், இடைநிலைப்பள்ளி வேறு மொழியில். இடையில் கிடந்த பள்ளத்தைத் தாண்டுவதற்கென அமைக்கப்பட்டதே புகுமுக வகுப்பு. ஆறாண்டுகள் தமிழில் பயின்ற பிள்ளை, முதலாம் படிவத்துக்குச் செல்லுமுன் ஓராண்டு போதனை மொழியைக் கற்க வேண்டும். ஏட்டளவில் இது நியாயமான ஏற்பாடே. ஆனால் ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளையின் இடத்திலிருந்து இதனைப் பார்க்க வேண்டும். நேற்றுவரை தன் பள்ளியில் மூத்தவனாக நடந்தவன், இன்று பட்டணத்துப் பெரிய பள்ளியில், தனக்கு விளங்காத மொழிக்கு நடுவே, தன் வயதொத்தவர்களுக்கு ஓராண்டு பின்னால் நிற்கிறான். கேள்வி புரிந்தும் விடை சொல்லச் சொல் வராமல் வாய் மூடியிருப்பதை அறியாமை என்று ஆசிரியர் எண்ணிக்கொள்ள வழியுண்டு. நாளடைவில் அவனே அவ்வாறு எண்ணத் தொடங்குவதுதான் கொடுமை. வீட்டிலோ, புல்வெட்டும் வேலைக்குப் போனால் கைக்காசு கிடைக்கும் வயது அது. அந்த ஓராண்டு பலருக்குப் பாலமாக அமையவில்லை. வெளியேறும் வாசலாகவே அமைந்தது.

முராட் பின் முகமட் நோர் தலைமையில் நடந்து 1973இல் வெளிவந்த இடைநிற்றல் ஆய்வு, படிப்பைப் பாதியில் விட்டவர்களைப் பற்றிய பேச்சை வேறு திசைக்குத் திருப்பியது. வறுமை, நாட்டுப்புற வாழ்வு, வீட்டுச் சூழல் ஆகியவை இடைநிற்றலோடு பிணைந்திருப்பதை அது எடுத்துக்காட்டியது. 1975இல் நாட் கொலெட்டா எழுதிய நூல் தோட்டத் தமிழரை 'மலேசியாவின் மறக்கப்பட்ட மக்கள்' என்று தலைப்பிலேயே அழைத்தது. பிரிக்பீல்ட்சுக்கு அருகே, லெம்பா பந்தாயிலுள்ள மலாயாப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறைப் பேராசிரியராக விளங்கிய தி. மாரிமுத்து இன்னும் ஒரு படி மேலே சென்றார். தோட்டப் பள்ளி, தொழிலாளியின் பிள்ளையை மீண்டும் தொழிலாளியாகவே ஆக்கித் தரும் அமைப்பாக இயங்கியது என்பது அவர் நிறுவ முனைந்த கருத்து. குற்றவாளிக் கூண்டில் நின்ற பிள்ளை இறங்கி, அங்கே பள்ளியும் தோட்டமும் ஏற்றப்பட்டன எனலாம்.

ஆயினும் இவ்வாய்வுகள் பெரும்பாலும் சமூகவியல் நோக்கின. எத்தனை பேர் நின்றனர், எக்காரணத்தால் நின்றனர் என்பவற்றை அவை உரைத்தன. நின்றவனின் உள்ளத்தில் நிகழ்ந்ததை அவ்வளவாக ஆராயவில்லை. ஆசிரியரின் எதிர்பார்ப்பே மாணவனின் வளர்ச்சியைக் கூட்டவும் குறைக்கவும் கூடும் என்று ரோசென்தாலும் ஜேக்கப்சனும் 1968இல் கலிபோர்னியப் பள்ளியொன்றின் ஆய்வைக் கொண்டு வாதிட்டனர். அம்முடிவின் அளவு பற்றி அறிஞரிடையே பின்னர்க் கடும் சர்ச்சை மூண்டது. எனினும் 'மக்கு' வரிசையில் உட்கார்ந்தவருக்கு அதன் உட்பொருள் புதிதாக இருந்திராது.

மாணவரின் மனநலனைக் கவனிக்கும் முயற்சி அரசாங்க அளவில் இல்லாமல் இல்லை. கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடாவிலிருந்து வந்த ரஸ்ஸல் மேக்கியின் துணையோடு 1960களின் முற்பகுதியிலேயே பள்ளிகளில் வழிகாட்டிச் சேவை தொடங்கப்பட்டது. ஒவ்வொரு பள்ளியும் வழிகாட்டி ஆசிரியரை நியமிக்க வேண்டும் என்று 1964இல் சுற்றறிக்கையும் வந்தது. மூன்று ஆசிரியர் ஆறு வகுப்புகளை நடத்திய தோட்டப் பள்ளியில் யார் யாருக்கு வழிகாட்டுவது? இடைநிலைப்பள்ளிகளிலேயே முழுநேர ஆலோசக ஆசிரியர்கள் 1996இல்தான் அமர்த்தப்பட்டனர்.

1983இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த தொடக்கப்பள்ளிப் புதிய கலைத்திட்டம் 'குறைநீக்கல் போதனை' என்ற தொடரைத் தமிழாசிரியர்களிடையே பரப்பியது. பின்தங்கிய பிள்ளையை ஒதுக்காமல், எந்த எழுத்தில், எந்தக் கணக்கில் இடறுகிறது என்று கண்டு அங்கிருந்தே தொடங்கவேண்டும் என்பதே அதன் சாரம். பினே விரும்பியதும் ஏறத்தாழ இதுவே. சமூகமும் வாளா இருக்கவில்லை. 1979இல் தோன்றிய கல்வி, சமூகநல ஆய்வு அறவாரியம் தோட்டத்துப் பிள்ளைகளுக்காகத் துணைக்கல்வியை மேற்கொண்டது. இத்தகைய முயற்சிகள் பலவும் நன்கொடையையும் தொண்டர்களின் ஓய்வுநாளையும் நம்பி நடந்தவை.

இதற்கிடையே தோட்டங்களே மறையலாயின. கிள்ளான் பள்ளத்தாக்கில் பால்மரமும் செம்பனையும் நின்ற நிலங்களில் வீடமைப்புத் திட்டங்களும் தொழிற்பேட்டைகளும் எழுந்தன. தமிழ்ப்பள்ளிகளின் எண்ணிக்கை நாடு முழுவதும் ஏறத்தாழ 530 ஆகக் குறைந்தது. சில பள்ளிகள் பழைய தோட்டத்தின் பெயரைச் சுமந்தபடியே நகர்ப்புறத்துக்கு இடம்பெயர்ந்தன. 2021இல் ஆறாம் வகுப்பின் யு.பி.எஸ்.ஆர். தேர்வும் கைவிடப்பட்டது. லயத்துப் பிள்ளையின் பேரப்பிள்ளை இன்று அடுக்குமாடி வீட்டிலிருந்து பள்ளி வேனில் வருகிறது. பெற்றோர் இருவரும் தொழிற்சாலையில் முறைமாற்று வேலைக்குச் செல்லும் வீடுகளில் அதற்கு ஆயாக் கொட்டகையும் இல்லை, அண்டை வீட்டுக் கிழவியும் இல்லை. தோட்டத்தைக் கண்டு எழுதிய 1970களின் ஆய்வுகள் இந்தப் பிள்ளையைப் பற்றி ஒன்றும் கூறுவதில்லை.