அந்துப்பூச்சியா, வாரியமா? குயின்ஸ்லாந்துச் சப்பாத்திக்கள்ளி ஒழிப்பை மீண்டும் வாசித்தல்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலும் நியூ சவுத் வேல்ஸிலும் சுமார் 2.4 கோடி ஹெக்டேரில் மண்டிக்கிடந்த சப்பாத்திக்கள்ளி 1930களின் தொடக்கத்தில் சரிந்ததை, ஒரு பூச்சியின் தனிச் சாதனையாகவே உயிரியல் கட்டுப்பாட்டுத் துறையின் வரலாறு எழுதிவருகிறது. அர்ஜென்டினாவின் காக்டோபிளாஸ்டிஸ் அந்துப்பூச்சி வந்தது, தின்றது, தீர்த்தது என்பதே அந்த வாசிப்பின் சாரம். இந்த ஒழிப்பைப் பற்றி ஆலன் டாட் 1940இல் வெளியிட்ட நூலைப் பாதி மட்டும் படித்ததன் விளைவு இது என்று கருதுகிறேன்.

டாட் எடுத்துக்காட்டும் ஒளிப்படங்கள்தாம் அந்நூலின் புகழுக்குக் காரணம். முதற்படத்தில் ஆள் நுழைய முடியாத கள்ளிக்காடு. அடுத்ததில் அதே இடம் வெட்டவெளி. பாடநூல்கள் பலவற்றில் இவை ஏறிவிட்டன. இரு படங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் நடந்த வேலையோ டாட் தரும் கணக்குகளில் கிடக்கிறது. ஏறக்குறைய 150 பூச்சியினங்கள் ஆராயப்பட்டன. ஐம்பது அளவில் கப்பலேறின. நிலைத்தவை ஒரு டஜன். 1925இல் வந்த சுமார் 2,750 முட்டைகளைப் பெருக்கி, அடுத்த சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான கோடி முட்டைகளாக வயல்வெளிக்கு அனுப்பியிருக்கிறார்கள். வளர்ப்புக் கூடங்கள், வண்டிகள், முட்டைகளைக் கள்ளி மடலில் கொண்டுபோய்ச் சேர்த்த கைகள் இல்லாமல் இது நடந்திருக்காது. ஆராய்ச்சியும் வளர்ப்பும் 1920இல் மத்திய அரசும் இரு மாநிலங்களும் சேர்ந்து அமைத்த வாரியத்தின் பொறுப்பு. நிலத்தில் விநியோகிப்பதற்கு இரு மாநிலங்களிலும் தனித்தனி ஆணையங்கள் இருந்தன.

இதே பூச்சி 1914லும் பிரிஸ்பேனுக்கு வந்தது என்பதை முந்தைய ஆய்வுகள் ஓரடியில் கடந்துவிடுகின்றன. அன்று புழுக்கள் பிழைக்கவில்லை. வளர்ப்பு நுட்பம் கைவராததே காரணமாக இருக்கலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் நுட்பம் கைவரும்வரை முயன்றுகொண்டிருக்க ஓர் அமைப்பு வேண்டும். 1914க்கு அத்தகைய அமைப்பு இல்லை, போரும் குறுக்கிட்டது; 1925க்கு அமைப்பு இருந்தது. தெற்காசியாவிலிருந்து 1914 வாக்கில் கொண்டுபோன செதிற்பூச்சியோ ஒரேயொரு கள்ளியினத்தைத்தான் அழித்தது. பெருங்கேடு விளைத்த இனத்தை அது தீண்டவில்லை. சரியான பூச்சி எது என்று கண்டறிவதே பல்லாண்டுப் பணி என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

டாட் வாரியத்தின் அதிகாரி, தம் நிறுவனத்தை உயர்த்தியே எழுதியிருப்பார் என்ற ஐயம் நியாயமானது. ஆனால் நூல் எதிர்த்திசையில் சாய்கிறது. அவர் பாராட்டுவது பூச்சியை. விநியோகத்தைக் கணக்காக மட்டும் தருகிறார். உயர்த்த நினைப்பவர் இப்படி எழுதமாட்டார். அதனால் அந்தக் கணக்குகளை நம்பலாம் என்றே நினைக்கிறேன். (ஒழிப்புச் செலவில் ஒரு பங்கு, கள்ளி விதையைப் பரப்புவதாகக் கருதப்பட்ட ஈமுப் பறவைகளைக் கொல்வதற்கான பரிசாகவும் போனது. அமைப்பு எப்போதும் அறிவோடு நடந்தது என்று நான் வாதிடவில்லை.)

கரீபியத் தீவுகளில் 1957இல் விடப்பட்ட இதே பூச்சி 1989இல் புளோரிடாவில் தென்பட்டதே, அங்கே எந்த வாரியம் இருந்தது என்று கேட்கலாம். பரவுவது வேறு, குறித்த நிலத்தைச் சில ஆண்டுகளுக்குள் மீட்பது வேறு. புளோரிடாவில் அது உள்நாட்டுக் கள்ளிகளுக்கே இன்று அச்சுறுத்தல். இந்த எடுத்துக்காட்டு எதிர்த்தரப்புக்கு உதவாது.

முதற்சரிவுக்குப் பின் 1930–32 அளவில் கள்ளி மீண்டும் துளிர்த்ததை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். உணவு தீர்ந்து பூச்சியும் குறைந்திருந்த காலம் அது. பிறகு பூச்சி மீண்டு இரண்டாம் சரிவு நேர்ந்தது. பூச்சி தானாகவே மீண்டது என்பது வழக்கமான விளக்கம். பெரும்பகுதி அப்படித்தான் இருக்கலாம். எனினும் வாரியம் கலைந்தது 1939இல்தான். முதல் வெற்றியோடு வேலை முடிந்தது என்று அந்நாளில் அதை நடத்தியவர்கள் எண்ணவில்லை.