அடுப்படியில் ஒரு பட்டாளம்

ஓட்டலில் ஆர்டர் கொடுத்துப் பத்து நிமிடம் ஆகிவிட்டாலே நமக்குப் பொறுமை போய்விடுகிறது. அந்தப் பத்து நிமிடத்தில் உள்ளே என்ன பாடு படுகிறார்கள் என்று யோசித்ததுண்டா? அந்த அவசரத்தை அடக்க ஒரு மனிதர் செய்த முயற்சிதான் இந்தக் கட்டுரை.

19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் பெரிய சமையற்கட்டுகள் பல நிலவறையில் இருந்தன. கரி அடுப்பு, புகை, வெக்கை. தாகத்துக்கு மதுவைக் குடிப்பார்கள். குடித்தால் வசவும் சண்டையும்தான். புகழ்பெற்ற பிரெஞ்சு சமையல் நிபுணர் கரேம் 1833ல் இறந்தபோது அவருக்கு வயது 48. வருடக்கணக்கில் சுவாசித்த கரிப்புகைதான் காரணம் என்று சொல்பவர்கள் உண்டு.

இந்த உலகத்துக்குள் 13 வயதில் எடுபிடியாக நுழைந்தவர் அகுஸ்த் எஸ்காஃபியே (1846-1935). 1870ல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டபோது ராணுவத்தில் சமையல்காரராக இருந்தார். 1890ல் லண்டன் சவாய் ஓட்டலின் சமையற்கட்டு அவர் கைக்கு வந்தது. அங்கே என்ன செய்தார் தெரியுமா? சமையல்காரர்களை ஒரு பட்டாளம் போலப் பிரித்தார். குழம்புக்கு ஒருவர், மீனுக்கு ஒருவர், வறுவலுக்கு ஒருவர், இனிப்புக்கு ஒருவர்; எல்லோருக்கும் மேலே ஒரு தலைவர்.

ஓர் உதாரணம் பார்ப்போம். முட்டையும் வாட்டிய ஆட்டுச் சிறுநீரகமும் சேர்ந்த ஒரு பதார்த்தம். ஒரே ஆள் செய்தால் கால் மணி நேரம் ஆகும். இவர் முறையில் ஒருவர் முட்டையைப் பார்ப்பார், இன்னொருவர் இறைச்சியை வாட்டுவார், மூன்றாமவர் குழம்பு தருவார். சில நிமிடங்களில் தட்டு தயார்! வேலை நேரத்தில் மது கூடாது, கத்தக் கூடாது என்றும் விதித்தார். மதுவுக்குப் பதில் பார்லித் தண்ணீர் வைத்தார்.

சரி, பிரச்சினை தீர்ந்ததா? இல்லை.

1929ல் பாரிஸில் ஒரு பெரிய ஓட்டலில் பாத்திரம் தேய்த்தவர் எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல். அவர் வேலை பார்த்த நிலவறையில் வெப்பம் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கியதே இல்லை என்று 1933ல் வெளிவந்த தன் நூலில் எழுதுகிறார். நெருக்கடிக்கு அவர் சொல்லும் காரணம் எளிமையானது. இறைச்சியை இரண்டு மணி நேரம் முன்பே வாட்டி வைக்க முடியாது. கடைசி நிமிடம் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் மற்ற வேலைகளும் குவிந்துவிடும். சாப்பாட்டு வேளையில் ஒவ்வொருவரும் இரண்டு ஆள் வேலை செய்தாக வேண்டும். கத்தாமல் அது நடக்காது என்கிறார்.

இதை நாம் கவனிக்க வேண்டும். எஸ்காஃபியே குழப்பத்தைக் குறைத்தார். அது பெரிய சாதனை. ஆனால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில்தானே பசிக்கிறது! அவர் மிச்சப்படுத்திய நிமிடங்களும் சமையல்காரருக்கு ஓய்வாகப் போய்ச் சேரவில்லை. வேகம் கூடினால் அதே அடுப்பில் இன்னும் பல மேஜைகளுக்குச் சமைக்கலாம் என்பதுதான் முதலாளி போடும் கணக்கு. வேலையைப் பிரித்துக் கொடுக்கும் முறையை உலகமே கற்றுக்கொண்டது. கிடைத்த நேரத்தைப் பங்கிடும் முறையைத்தான் இன்னும் யாரும் கற்கவில்லை.