துப்பாக்கி ஒலியடக்கி: சட்ட நிலை

சைலன்சர் எனப்படும் ஒலியடக்கி, துப்பாக்கிக் குழலின் முனையில் பொருத்தும் உருளை. வெடிவாயுவை உள்ளறைகளில் விரியவிட்டு ஓசையைக் குறைக்கிறது. அமெரிக்காவில் இதற்கான சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. இந்தியாவில் ஆயுதங்கள் மத்தியப் பட்டியலில் அடங்குவதால், 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமே நாடு முழுவதற்கும் பொருந்தும். சுடும்போது எழும் ஓசையையோ ஒளியையோ குறைக்கும் துணைக்கருவியையும் அதன் 2ஆம் பிரிவு துப்பாக்கி என்றே வரையறுக்கிறது. எனவே உரிமமின்றி ஒலியடக்கியை மட்டும் வைத்திருப்பதும் குற்றம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 2 முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ இவ்வழக்கைத் தொடர, விருதுநகர் மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி தேவை. இவ்வூர்களின் மேற்கிலுள்ள சாம்பல் நிற அணில் சரணாலயத்துக்குள், தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துமூல அனுமதியின்றி எந்த ஆயுதத்துடனும் நுழைவதை 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது.