மணி ஒலித்த கணத்து மனம்

மனநிலையை அறிய நினைவையே சான்றாகக் கொள்வது நெடுநாள் வழக்கம். ஆனால் நினைவோ கடந்ததைத் தன் விருப்பம்போல் திருத்தி எழுதும். எனவே, சிகாகோ பல்கலைக்கழக உளவியலறிஞர் மிகாய் சிக்சென்ட்மிகாயி (1934–2021) 1970-களில் வேறு வழி கண்டார். ஆய்வில் பங்கேற்றோரிடம் பேஜர் தரப்பட்டது. ஒரு வாரம், நாள்தோறும் ஏறத்தாழ எட்டுமுறை, எதிர்பாராத வேளைகளில் அது ஒலித்தது. ஒலித்தவுடன் தம் செயலையும் உள்ளத்தின் நிலையையும் அவர்கள் குறித்தனர்.

1989-இல் ஜூடித் லெஃபேவருடன் அவர் வெளியிட்ட ஆய்வில் பணியாளர் 78 பேர் பங்குபெற்றனர். அறைகூவலும் திறமையும் ஒருசேர உயர்ந்து நின்ற கணங்கள், ஓய்வைவிடப் பணியிலேயே மிகுதியாயிருந்தன. ஆயினும், பணிவேளையில்தான் வேறெதையோ செய்ய அவர்கள் பெரிதும் விழைந்தனர். நிறைவு கைக்கெட்டிய இடத்தையே சுமையென எண்ணினர்! நம் மனத்தை நாமே முற்றும் அறிவோம் என்னும் உறுதி, அச்சிறு ஒலியின்முன் தளர்ந்தது.