காடு வெட்டியவளுக்கு ஒரு விழா



பொங்கலைப் பற்றி இம்மலரில் ஆண்டுதோறும் யாராவது ஒருவர் எழுதிவிடுகிறார். ஆகவே இம்முறை நான் வேறொரு நாட்டாரின் அறுவடை விழாவைப் பற்றி எழுதலாம் என்று எண்ணினேன். ஐரோப்பாவின் மேற்கு ஓரத்தில், இங்கிலாந்துக்கும் அப்பால் கடலில் கிடக்கும் தீவு அயர்லாந்து. கிறிஸ்துவ சமயம் அங்கே கால் வைப்பதற்கு முன்பிருந்தே, கோடை முடிகிற வேளையில் அம்மக்கள் கொண்டாடிய விழாவின் பெயர் லூனசா. நாள் ஆகஸ்டு 1. இன்றைக்கும் ஐரிஷ் மொழியில் ஆகஸ்டு மாதத்துக்கே லூனசா என்றுதான் பெயர். ஒரு மாதமே விழாவின் பெயரைச் சுமக்கிறது என்றால், அது சாதாரண விழாவாக இருந்திருக்குமா?

இத்தகைய விழாக்களை வெள்ளைக்காரர்கள் 'பேகன்' விழா என்பார்கள். லத்தீன் மொழியில் 'பாகானுஸ்' என்றால் நாட்டுப்புறத்தான் என்று பொருள். பட்டணத்தார் புதிய சமயத்துக்கு மாறிய பிறகும் பழைய சாமியை விடாமல் கும்பிட்டவர்களுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது என்பது பலரும் கூறும் விளக்கம். பட்டிக்காட்டான் என்ற பட்டம் எப்படிக் கிடைக்கிறது என்பதைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

நம் நாட்டில் வெயில், மழை இரண்டுதான். நெல் விளையும் இடங்களில் ஆண்டுக்கு இரண்டு போகம் எடுக்கிறார்கள். அயர்லாந்தில் அப்படி முடியாது. குளிர்காலம் வந்துவிட்டால் மண் உறங்கிவிடும். ஒரே விளைச்சலை வைத்து ஆண்டு முழுக்க வயிற்றைக் கழுவ வேண்டும். பழைய ஐரிஷ் மக்கள் ஆண்டை நான்கு பங்காக்கி, பிப்ரவரி 1, மே 1, ஆகஸ்டு 1, நவம்பர் 1 ஆகிய நாட்களில் விழா எடுத்தார்கள். இவற்றுள் லூனசா, அறுவடையின் வாசற்படி.

அந்த வாசற்படிக்கு முந்திய மாதம்தான் கொடுமையானது. ஜூலைக்கு அங்கே 'பசி ஜூலை' என்றே பெயர். போன வருடத்துத் தானியம் தீர்ந்திருக்கும், புதியது இன்னும் முற்றியிருக்காது. கண்ணுக்கு முன்னால் வயல் நிறையப் பயிர், அடுப்பில் பானை காலி. சம்பள நாளுக்கு முந்திய வாரம் கடைக்காரரின் கணக்குப் புத்தகத்துக்கு முன் நின்றவர்களுக்கு இது புரியும். பிற்காலத்தில் உருளைக்கிழங்கு அவர்களது முக்கிய உணவானபோதும் பழைய கட்டுப்பாடு போகவில்லை. லூனசாவுக்கு முன்னால் கிழங்கைத் தோண்டுகிறவனைக் குடித்தனம் நடத்தத் தெரியாதவன் என்று ஊரார் ஏசுவார்களாம். அன்றைக்குத்தான் முதல் கிழங்கு. எல்லாரும் வயிறாரச் சாப்பிட வேண்டும். விழாவின் உயிர் அதுதான்.

இனி விழாவின் கதைக்கு வருகிறேன். நான் இதைப் படித்தபோது சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

லூனசா என்ற பெயரில் இருக்கும் 'லூ' என்பவன் அவர்களது பழைய தெய்வம். எல்லாத் தொழிலும் அறிந்தவன், வீரன். ஆனால் விழா அவனுக்காக ஏற்பட்டதல்ல. அவனை எடுத்து வளர்த்த தாயின் பெயர் டால்ட்டியு. அவள் ஓர் அரசி. அவள் ஒரு பெருங்காட்டை வெட்டித் திருத்திச் சமவெளியாக்கி, மக்கள் பயிரிட நிலம் உண்டாக்கினாளாம். வேலை முடிந்தது. அந்தக் களைப்பிலேயே அவள் உயிரும் போய்விட்டது. போரில் சாகவில்லை, நோயில் சாகவில்லை. உழைத்த உழைப்பில் செத்தாள். வளர்த்த தாய்க்கு மகன் செய்த நினைவுச் சடங்குதான் லூனசா என்று அயர்லாந்தின் இடைக்கால ஏடுகள் சொல்கின்றன. கதைதான், நான் மறுக்கவில்லை. ஆனாலும் சோற்றுக்கு நிலம் எங்கிருந்து வந்தது என்று கேட்ட பிள்ளைகளுக்கு, ஒரு பொம்பளை காடு வெட்டினாள், அதனால் வந்தது என்று பதில் சொன்ன மக்களை எனக்குப் பிடித்துப் போயிற்று.

அவள் பெயரால் அமைந்த இடம் இன்றும் மீத் மாவட்டத்தில் டெல்ட்டவுன் என்று இருக்கிறது. அரசர்கள் தலைமையில் அங்கே பெருங்கூட்டம் கூடும். குதிரைப் பந்தயம், ஓட்டம், பாட்டு, கதை, வழக்குத் தீர்ப்பு, வியாபாரம், கல்யாணப் பேச்சு எல்லாம் நடக்கும். கல்யாணத்தைப் பற்றி ஒரு வேடிக்கை சொல்வார்கள். ஒரு கதவில் துளை இருக்குமாம். அந்தப் பக்கம் பெண், இந்தப் பக்கம் ஆண், துளை வழியாகக் கை பிடித்தால் கல்யாணம். ஒரு வருடமும் ஒரு நாளும் வாழ்ந்து பார்த்து, ஒத்துவராவிட்டால் அதே இடத்துக்குத் திரும்பி வந்து, முதுகைக் காட்டி ஆளுக்கொரு திசையில் நடந்துவிடலாமாம். பெற்றோர்கள் முகம் சுளிக்க வேண்டாம். பிற்காலத்தார் சொன்ன கதையாகத்தான் இதை எழுதி வைத்திருக்கிறார்கள்.

அரசர்கள் நடத்திய அந்தப் பெருங்கூட்டம் 1168-இல் கடைசியாகக் கூடியது. அதற்கு அடுத்த ஆண்டே இங்கிலாந்தில் குடியேறியிருந்த நார்மானியர் படையோடு வந்து இறங்கினார்கள். அரசர்கள் போனார்கள், அரசர்கள் நடத்திய விழாவும் போயிற்று. பெரும்பாலான சரித்திரப் புத்தகங்கள் இத்தோடு அத்தியாயத்தை முடித்துவிடும்.

ஆனால் ஏழைகள் முடிக்கவில்லை. கோடையின் கடைசி ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் குன்றின்மேல் ஏறினார்கள். அங்கே காட்டுச் செடிகளில் கருநீல நிறத்தில் பில்பெர்ரி என்ற சிறு பழம் பழுத்திருக்கும். அதைப் பறித்து உண்டார்கள், ஆடினார்கள், பாடினார்கள். வாலிபர்கள் அப்பழங்களைக் கோத்துக் காப்பு செய்து பெண்களுக்குக் கொடுப்பார்களாம். பாதிரிமார்கள் கண்டித்தும் பார்த்தார்கள். முடியாத இடங்களில் விழாவுக்குத் திருமுழுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றே சொல்லலாம். மேயோ மாவட்டத்தில் குரோ பேட்ரிக் என்ற 764 மீட்டர் உயரமுள்ள மலை இருக்கிறது. ஜூலை மாதத்துக் கடைசி ஞாயிறன்று ஆயிரக்கணக்கானோர், சிலர் வெறுங்காலோடு, அதில் ஏறிப் புனித பேட்ரிக்கை வணங்குகிறார்கள். அந்த நடைக்கு அடியில் பழைய லூனசா இருக்கிறது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. சாமியின் பெயர் மாறலாம். ஏறுகிற காலும் ஏறுகிற மாதமும் அவ்வளவு சுலபத்தில் மாறுவதில்லை போலும்.

பாதிரிமார்களால் முடியாததை ஒரு பயிர் நோய் செய்யப் பார்த்தது. 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கி, கிழங்குகள் மண்ணிலேயே அழுகின. 1852 வரை நீடித்த பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து லட்சம் பேர் மாண்டனர். இன்னும் பத்து லட்சம் பேர் கப்பலேறினர். முதல் கிழங்கே இல்லாத ஊரில் முதல் கிழங்கின் விழா எங்கே நடக்கும்? பல குன்றுகளில் ஆள் அரவம் நின்றது. பேசிய மொழியும் குறைந்தது. கிழவர் கிழவிகளின் வாயில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

மாணவச் செல்வங்களே, இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். 1935-இல் அயர்லாந்து அரசு நாட்டார் வழக்காறுகளைச் சேகரிக்க ஓர் ஆணையம் அமைத்தது. அது பள்ளிக்கூடங்களை நாடி வந்தது. 1937 முதல் 1939 வரை சுமார் 5,000 தொடக்கப் பள்ளிகளில், ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள், பெரும்பாலும் 11 முதல் 14 வயது வரை உள்ளவர்கள், வழக்கமான கட்டுரைப் பாடத்துக்குப் பதிலாக ஒரு வேலை செய்தார்கள். வீட்டுக்குப் போய்த் தாத்தா, பாட்டி, அக்கம்பக்கத்து முதியவர் ஆகியோரிடம் கேட்டு, அவர்கள் சொன்னதை நோட்டில் எழுதி வந்தார்கள். ஆசிரியர்கள் அதைப் பெரிய ஏடுகளில் படியெடுத்து அனுப்பினார்கள். எல்லாம் சேர்த்து சுமார் 740,000 பக்கங்கள்! இன்று அவை டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் பாதுகாக்கப்படுகின்றன. ஆணையத்தின் தொகுப்பை யுனெஸ்கோ 2017-இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

1942-இல் ஆணையம் இந்த விழாவைப் பற்றியே தனியாக ஒரு கேள்வித்தாள் அனுப்பியது. பதில் எழுதியவர்களில் நிறையப் பேர் நம்மைப் போன்ற நாட்டுப்புறத்துப் பள்ளி ஆசிரியர்கள். அவ்வலுவலகத்தில் வேலை பார்த்த மாய்ரா மெக்நீல் என்ற பெண்மணி அந்தப் பதில்களை ஆராய்ந்து, ஏறத்தாழ இருநூறு இடங்களில், குன்றுகளிலும் ஏரிக்கரைகளிலும் கிணற்றடிகளிலும், விழா நடந்த தடத்தைக் கண்டறிந்தார். 1962-இல் அவருடைய பெரிய நூல் வெளிவந்தது. லூனசா இத்தனை பரந்த விழாவாக இருந்தது என்று உலகம் அறிந்தது அதன் பிறகுதான்.

இப்பொழுது இங்கிலாந்து, அமெரிக்கா போன்ற நாடுகளில் தங்களைப் பேகன்கள் என்று சொல்லிக்கொண்டு லூனசாவைக் கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். நகரத்தில் வேலை செய்பவர்கள், வயலையே மிதிக்காதவர்கள், ஆகஸ்டு 1 அன்று ரொட்டி சுட்டுப் பகிர்ந்து உண்கிறார்கள். அவர்களின் எட்டு விழா ஆண்டு 1950-களில் சேர்த்துக் கட்டப்பட்டது. இது என்ன நாடகம் என்று சிலர் கேலி செய்கிறார்கள். எனக்குக் கேலி வரவில்லை. பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை தள்ளியும் வாழ்ந்த நம் தோட்டத்தார், ஒரு கதிர் நெல் அறுக்காமலேயே லயத்து வாசலில் பானை வைத்துப் பொங்கியவர்கள்தானே?

இவ்வாண்டு ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் ஆளுக்கொரு நோட்டைக் கொடுத்து, வீட்டில் வயதில் மூத்தவரிடம் கேட்டு எழுதி வாருங்கள் என்றேன். "எங்க பாட்டிக்கு ஒன்னும் தெரியாது சார்" என்று முதல் நாளே ஒரு மாணவி சொன்னாள். மூன்று வாரம் கழித்துப் பதினான்கு பக்கம் கொண்டுவந்தாள். பாட்டியின் அம்மா, கைக்குழந்தையை மரத்தடியில் தூளி கட்டிப் போட்டுவிட்டு, அட்டைக் கடியோடு காட்டை அழித்து நிரை போட்ட கதை அதில் இருக்கிறது. அந்த அம்மாளின் பெயரை முதல் வரியிலேயே எழுதியிருக்கிறாள். நோட்டுகள் எல்லாம் விழா மண்டபத்தில், பின்கதவுக்குப் பக்கத்து மேசைமேல் வைக்கப்பட்டுள்ளன. பலகாரம் சாப்பிட்ட கையைத் துடைத்துவிட்டுப் புரட்டுங்கள், பென்சிலில் எழுதியவை.